தெரியுது அக்கா

வண்டியிலிருந்து இறங்கியதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அக்கா முதலில் அந்தச் சாலை வளைவைத் திட்டுகிறார். "இதெல்லாம் ஒரு திருப்பமா? ரோடு போட்டவன் தும்மினப்போ கோடு கோணிடுச்சு போல." பிறகு இரண்டு பக்கமும் நடந்து பார்க்கிறார். எந்த மரம் மறைக்கிறது, எந்தச் சுவர் துருத்திக்கொண்டு நிற்கிறது, லாரிக்காரர்கள் எந்த இடத்தில் பதறிப்போய் பிரேக் போடுகிறார்கள் என்பதைத் தார் மேல் கிடக்கும் டயர்த் தடங்களை வைத்தே சொல்லிவிடுகிறார். திட்டி ஓய்ந்த பிறகுதான் ஏணி இறங்கும்.

எதிரே வருவது தெரியாத திருப்பங்களில் கண்ணாடி மாட்டுவது இந்தத் தம்பதியின் தொழில். கணவர் ஃபிட்டர். பள்ளிப் பாடத்தில் குவி ஆடி என்று படித்த அதே பொருளுக்கு அக்கா வைத்திருக்கும் பெயர் தொப்பைக் கண்ணாடி. "தட்டைக் கண்ணாடி கஞ்சன். நேரா நிக்கிறத மட்டும்தான் காட்டும். இது தொப்பையத் தள்ளிக்கிட்டு நிக்குதா, ரெண்டு பக்கத்துலயும் இருக்கிற ஊரையே உள்ள வாங்கிக்கும். ஆனா வாங்கினதையெல்லாம் எறும்பாக்கிடும்." எறும்பாகத் தெரிவது எட்டத்தில் இருப்பதாகவும் தோன்றும். அதுதான் ஆபத்து. வேடிக்கை பார்க்க நிற்கும் ஸ்கூட்டர்காரர்களை அவர் சும்மா அனுப்புவதில்லை. "கண்ணாடியில எங்கேயோ வர்றான்னு தெரிஞ்சா, பக்கத்துல வந்துட்டான்னு அர்த்தம். புரிஞ்சுதா?"

வீட்டில் இருப்பது எதிர் ரகம். கணவரின் சவரக் கண்ணாடி உள்பக்கம் குழிந்தது. கிட்டே போனால் முகத்தை ஊதிப் பெருக்கிக் காட்டும். "காலங்காத்தால அதுல அவரு மூஞ்சியப் பார்த்தா சோறு இறங்காது. அதையே தள்ளி வெச்சா தலைகீழாத் தொங்குவாரு. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்." கணவர் இதைக் கேட்டும் கேட்காததுபோல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆதியில் ஏணி கணவருடையது, சாலை அக்காவுடையது. கம்பத்தில் இருப்பவர் கண்ணாடியை எப்படித் திருப்பினாலும், வண்டி ஓட்டிவருபவருக்கு அதில் என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அதற்கு இன்னொரு ஜோடிக் கண்கள் வேண்டும். வளைவின் மறுபக்கம் தங்கள் பிக்அப் வண்டியை நிறுத்துவார்கள். இந்தப் பக்கம் அக்கா நிற்பார். மேலிருந்து "தெரியுதா?" என்று குரல் வரும். பிக்அப் கண்ணாடிக்குள் வந்ததும் அக்கா தெருவே அதிரும்படி "தெரியுது!" என்பார். உடனே போல்ட் இறுகும். அந்தக் கத்தலைக் கேட்டுக் கேட்டுத்தான் கடைக்காரர்கள் 'தெரியுது அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பின்னொரு காலத்தில் அக்காவுக்குக் கண்ணாடிக் கம்பெனி மேல் கோபம் வந்தது. வருகிற சரக்கெல்லாம் மங்கல் என்றார். பெட்டியைப் பிரித்ததும் ஊதி ஊதித் துடைத்தார். "முன்னெல்லாம் பளிச்சுனு இருக்கும். இப்போ பாலைத் தடவி அனுப்புறானுங்க." கணவர் கம்பெனியை மாற்றினார். அங்கிருந்து வந்ததும் மங்கல்தான்.

ஒரு குடியிருப்பின் வாசலில் மாட்டிய கண்ணாடிக்குக் கீழே, மறுநாளே விபத்து நடந்தது. மருத்துவமனை வேலைக்குக் கிளம்பிய ஒரு செவிலியர் ஸ்கூட்டரில் வந்து, கண்ணாடியைப் பார்த்து, சாலை காலி என்று திரும்பியிருக்கிறார். பால் வண்டி இடித்துத் தள்ளிவிட்டது. தோள் எலும்பு விலகியது. கண்ணாடி சாலையைக் காட்டவே இல்லை. எதிர்வீட்டு மதில் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி கொஞ்சம் பிசகினால் போதும், பார்வை அதைப்போல் இரண்டு மடங்கு பிசகிவிடும்.

காற்றில் போல்ட் தளர்ந்திருக்கும் என்று நினைத்துத்தான் கணவர் ஏணியில் ஏறினார். போல்ட் கல்லாக இருந்தது. பால்கனியில் நின்ற ஒருவரைக் கீழே அழைத்து, அவரைச் சாலையில் நின்று பார்க்கச் சொல்லிச் சரிசெய்துவிட்டு இறங்கினார். வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வேலை ஒரு கிடங்கின் பின்வாசலில். அன்று அவர் பிக்அப்பை வளைவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தவில்லை. கிடங்குக்குள்ளேயே விட்டுவிட்டு ஏணியில் ஏறினார்.

"தெரியுதா?"

"தெரியுது!"

"வண்டி முழுசாத் தெரியுதா?"

"தெரியுதுங்கிறேன்ல, முடுக்குங்க!"

அவர் முடுக்கவில்லை. "ஏணியிலேயே உட்கார்ந்துட்டேன் சார்," என்றார், கதை கேட்க உடன் போயிருந்த என்னிடம். "கீழ விழுந்துடுவேனோன்னு பயமா இருந்துச்சு." பிறகு மேலிருந்தபடியே சொன்னாராம்: "வண்டிய நான் இன்னும் நிறுத்தவே இல்லையே."

அதற்கு அக்கா கேட்டது இது: "அப்போ எதுக்குத் தெரியுதான்னு கேட்டீங்க?"

அங்கே தொடங்கிய சண்டை வீடு வரை வந்தது. என்னைச் சோதிச்சீங்களா என்று அக்கா. பொய் சொன்னியா என்று கணவர். செவிலியர் அடிபட்ட கதையையும் அப்போதுதான் கொட்டினார். சண்டை அடங்கிய பிறகுதான் உண்மை வந்தது. பல மாதங்களாக அக்காவுக்குக் கண்ணாடிக்குள் வெறும் வெள்ளைப் புகை. கணவரின் குரலை வைத்துத்தான் பதில் சொல்லிவந்திருக்கிறார். "ஓரளவு சரியா வந்துட்டா அவரு 'தெரியுதா'வ இழுப்பாரு. இழுத்தா நானும் தெரியுதுன்னுடுவேன்." அதாவது கணவர் தன் யூகத்தையே கேள்வியாக அனுப்பி, அதையே பதிலாக வாங்கிக்கொண்டிருந்தார்.

ஏன் மறைத்தார்? இந்த இடத்தில் மட்டும் அக்கா குரலைத் தாழ்த்துகிறார். "கண்ணு போச்சுன்னா என்னை வீட்டுல உட்கார வெச்சிட்டு வேற ஆளக் கூட்டிட்டுப் போவாரு. கல்யாணமானதுல இருந்து சமையல்கட்டு ஜன்னல்தான் பார்த்துட்டிருந்தேன். பொண்ணு வேலைக்குன்னு வெளியூர் போனப்புறம்தான் ரோட்டையே பார்த்தேன். விட மனசு வரல."

அந்தச் செவிலியர் வீட்டுக்கு அவர் தனியாகப் போனார். கணவர் வருகிறேன் என்றதற்கு, "நான் சொன்ன பொய், நானே போறேன்" என்று சொல்லிவிட்டார். கதவைத் திறந்த பெண் கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தார். "அந்தக் கண்ணாடில வண்டி தெரியுதுன்னு சொன்னது நான்தாம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியல." அந்தப் பெண் திட்டினார், நன்றாகவே திட்டினார். தலையிலே பட்டிருந்தால் என் குழந்தைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். அக்கா நின்றபடியே கேட்டுக்கொண்டார். திட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று அவரை ஜன்னல் பக்கம் இழுத்து, நல்ல கையால் இமையைத் தூக்கிப் பார்த்தாராம்.

"இவ்வளவு முத்தவிட்டு வெச்சிருக்கீங்களே! கண்ணுல புரைங்க இது. எடுத்துட்டா சரியாயிடும். கண்ணு போச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"நானேதான் சொல்லிக்கிட்டேன்," என்றார் அக்கா.

அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைப்பதற்குள் தம்பதி இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். கண்ணாடிகள் 'மங்கலாக' வரத் தொடங்கிய நாளிலிருந்து மாட்டிய அத்தனை திருப்பங்களுக்கும் திரும்பப் போனார்கள். இப்போது கணவர் சாலையில் நின்றார்; போல்ட்டுக்குக் கண் வேண்டாம், கைத்தடவல் போதும் என்று அக்கா ஏணியில் ஏறினார். பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. ஒரு பள்ளிக்கூடத்துச் சந்தில் இருந்தது மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி இறங்கிய பிறகு அக்கா பிக்அப்பில் ஏறி அழுததாகக் கணவர் சொன்னார். "தூசு விழுந்துச்சு," என்று அக்கா குறுக்கிட்டார்.

இப்போது இரண்டு கண்களும் தெளிவு. பழைய கம்பெனியிடமே மீண்டும் சரக்கு வாங்குகிறார்கள். ஏணியை மட்டும் அக்கா திருப்பித் தரவில்லை. "இவருக்கு முட்டி வலி. எனக்கு மேல நின்னா காத்து வருது."

நான் உடன் போன அன்று ஒரு காய்கறிச் சந்தையின் பின்தெருவில் வேலை. அக்கா கம்பத்தில் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கீழே கணவர் கழுத்தை நிமிர்த்தி, "போதும், போதும். வண்டி முழுசாத் தெரியுது" என்றார். அக்கா போல்ட்டைத் தொடவில்லை. ஏணியிலிருந்து படிப்படியாக இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருவைக் கடந்து கணவர் பக்கம் போனார். முழங்கையால் அவரை மெல்ல ஒதுக்கிவிட்டு, அவர் நின்ற அதே இடத்தில், ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவர் உயரத்துக்கு முழங்காலை மடித்துக் குனிந்து, கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.