பாலத்தின் மேல் நின்ற ஃபோர் வீல் டிரைவ்

1. நின்றுபோன வேன்

வீடுகளுக்கு ஆக்சிஜன் மெஷின் வாடகைக்குக் கொடுப்பது என் தொழில். மந்தைவெளியில் சின்னதாக ஒரு கடை. நுரையீரல் கெட்டுப்போனவர்கள் வீட்டில் கான்சென்ட்ரேட்டர் என்கிற அந்த மெஷினை வைப்பேன், ஃபில்டர் மாற்றுவேன், கரண்ட் போனால் சமாளிக்க சிலிண்டர் கொண்டுபோய் இறக்குவேன். வேனை நானேதான் ஓட்டுகிறேன். ஒரு பொம்பளை சிலிண்டர் தூக்குகிறாளே என்று வேடிக்கை பார்த்த தெருக்கள் எல்லாம் இப்போது பழகிவிட்டன.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன வண்டி வாங்கலாம் மேரிக்கா?" என்பதுதான். அதற்குப் பதிலைக் கோபப்படாமல் சொல்ல எனக்குத் தெரியாது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு மழைக்காலத்தில் தி. நகரில் என் பெட்ரோல் வேன் நடுரோட்டில் நின்றுவிட்டது. முழங்கால் தண்ணீர்தான். ஆனால் வேனுக்கு அது கழுத்தளவு. என்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டது. ரோட்டின் மேலேயே ரோடு போட்டு உயர்த்திக்கொண்டே போனால் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்துத் தெருவுக்குள்தான் போகும். இதைக் கேட்க எனக்கு அதிகாரம் இல்லையாம், வரி கட்டுகிற அதிகாரம் மட்டும் இருக்கிறது.

வேன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பி வந்தாலும் அதன் மேல் இருந்த நம்பிக்கை திரும்பவில்லை. ஆளாளுக்கு ஒரே யோசனை சொன்னார்கள். பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டி ஒன்று வாங்கிவிடு, எந்த வெள்ளத்திலும் போகலாம். எனக்கும் அது சரியென்றே பட்டது.

2. ஆழ்வார்பேட்டை சார்

ஆழ்வார்பேட்டையில் ஒருவர் அப்படி ஒரு வண்டியை விற்க வைத்திருந்தார். பெரிய கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம், சார் என்றே சொல்கிறேன். வண்டி கரும்பச்சை நிறம். என் இடுப்புக்கு வந்தது பானெட். முன் கண்ணாடி ஓரமாகக் கூரை வரை ஒரு கறுப்புக் குழாய் ஏறியது.

"இது எதுக்கு சார்?"

"அது ஸ்நார்க்கல் மேடம். தண்ணி எவ்ளோ ஏறினாலும் என்ஜின் மேலேர்ந்து காத்து இழுத்துக்கும். இது காரே இல்ல, டேங்க். சுனாமியே வந்தாலும் நீங்க பாட்டுக்கு பாட்டு கேட்டுண்டே போகலாம்."

ஓட்டிப் பார்த்தேன். உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுவது சுகமாகத்தான் இருந்தது. ஆனாலும் யோசனை விடவில்லை. என் தினசரி ஓட்டம் மயிலாப்பூர், அடையாறு, மாம்பலம் என்று துண்டு துண்டான தூரம். சூடாவதற்குள் அணைத்து அணைத்து ஓட்டினால் டீசல் வண்டியின் புகை ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் என்று என் மெக்கானிக் எச்சரித்திருந்தார். மேற்கு மாம்பலத்துச் சந்துகளில் இத்தனை அகலத்தைத் திருப்பவும் முடியாது. பின் சீட்டைக் கழற்றிச் சிலிண்டர் அடுக்கலாமா என்று கேட்டேன்.

சார் பதறிப் போனார். "ஐயோ, லெதர் சீட் மேடம்! என் கண்ணு முன்னாடி அதைச் சொல்லாதீங்க."

இத்தனை குறை இருந்தும் மனசு அந்தக் கறுப்புக் குழாயிலேயே நின்றது. மழை நாளில் என் நோயாளி ஒருவருக்கும் மூச்சு நிற்கக் கூடாது. அதற்கு வண்டி போய்ச் சேர்ந்தால் போதும், மற்றதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

3. சனிக்கிழமை மழை

சனிக்கிழமை விடியும்போதே கொட்டத் தொடங்கியது. மேற்கு மாம்பலத்திலிருந்து வசந்தா மாமி ஃபோன் செய்தார். அவர் கணவர் கணேசன் மாமா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். மெஷின் இல்லாமல் அவரால் குளியலறை வரைகூட நடக்க முடியாது.

"மேரி, கரண்ட் போய் ரொம்ப நாழியாயிடுத்து. இன்வெர்ட்டரும் கத்திண்டே இருந்துட்டு அணைஞ்சுடுத்து. சின்ன சிலிண்டர்ல போட்டிருக்கேன். மீட்டர் முள்ளு சிவப்புக்கு வந்துண்டிருக்கும்மா."

"கிளம்பிட்டேன் மாமி. ஃப்ளோவை ரெண்டுக்கு மேல ஏத்தாதீங்க. மாமாவைப் பேச விடாதீங்க."

"அவரா? ரோடு போட்டவாளை விடாம திட்டிண்டிருக்கார்."

பெரிய சிலிண்டரை ஏற்றிக் கிளம்பினேன். தி. நகர் போகும் வழியில் ஒரு மேம்பாலம். ஏறிய பிறகுதான் தெரிந்தது. மழை எச்சரிக்கை வந்தால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் தண்ணீர் ஏறும் என்று பயந்து காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அன்று இரண்டு பக்கமும் வரிசையாகக் கார்கள். நடுவில் மிச்சமிருந்த இடத்தில் ஒரு பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் எல்லோரும் நின்றோம்.

கடன் வாங்கி வாங்கிய சின்னக் காரை ஏற்றி வைத்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பஸ்ஸுக்குப் பக்கத்தில், அரை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது எது தெரியுமா? கரும்பச்சை. கறுப்புக் குழாய். மேலே ஒரு தார்ப்பாய் வேறு போர்த்தியிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அங்கே ஒரு மனிதர் மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே மூச்சுவிடக் குழாய் வைத்த வண்டி நனையாமல் தூங்குகிறது. சாருக்கு ஃபோன் போட்டேன்.

"சார், ஒரு நோயாளிக்கு ஆக்சிஜன் போகணும். நான் உங்க வண்டி பக்கத்துலதான் நிக்கிறேன். சாவியோட வாங்க, மாம்பலம் வரைக்கும் போகலாம். போய்ச் சேர்ந்துட்டா வண்டியை இன்னிக்கே வாங்கிக்கிறேன்."

"இந்த மழையிலயா? மேடம், தண்ணி உள்ள போச்சுன்னா எலெக்ட்ரிக்கல்ஸ் எல்லாம் காலி!"

"சுனாமியில போகும்னு சொன்னீங்களே?"

"போகும் மேடம். அதுக்காகப் போகணுமா?"

"நான் வாங்கினா தண்ணியில போகும், நீங்க வெச்சிருந்தா பாலத்துல நிக்குமா? இதைச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லையா சார்?"

லைன் கட்டாகிவிட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "யக்கா, இன்னா இங்க நின்னுக்கினு கீற?"

நொச்சிக்குப்பத்து ஏழுமலை. அவன் அம்மாவுக்கு நான்தான் மெஷின் வைத்திருந்தேன். ஆழ்வார்பேட்டை ஓட்டல்களுக்கு மீன் போட்டுவிட்டுத் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியைக் கார்களுக்கு நடுவில் நுழைத்து மிதித்து வந்துகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"ரயிலுக்குக் கீழ போற மாம்பலம் சப்வேய மூடிட்டானுங்கக்கா. உன் வேனும் போவாது, அந்த டேங்கும் போவாது. ஸ்டேஷன் வரிக்கும் நான் மிதிக்கிறேன். நடைபாலம் ஏறி அந்தாண்ட எறங்கிக்கலாம். தூக்கு, ஐஸ் பொட்டி பக்கத்துல படுக்க வை."

வேனை இரண்டு கார்களுக்கு நடுவில் சொருகினேன். ஆமாம், கடைசியில் நானும் பாலத்தில்தான் வண்டியை நிறுத்தினேன். சிலிண்டர் உருளாமல் இருக்க அதைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார, அவன் மிதித்தான். தண்ணீர் ஆழமான இடத்தில் இருவரும் இறங்கித் தள்ளினோம். மாம்பலம் ஸ்டேஷன் நடைபாலத்தில் அவன் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அந்தப் பக்கம் இறங்கி, தொடை வரை தண்ணீரில் மாமியின் வீட்டுக்கு நடந்தோம்.

மாமாவின் உதடு நீலம் பூத்திருந்தது. திட்டுவது நின்றுபோயிருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ரெகுலேட்டரை மாட்டி வால்வைத் திறந்தேன். முள் ஏறியது. மாமி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது.

மாமா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "என்னடி இது, மீன் வாசனை?"

"பேசாம இழுங்கோ," என்றார் மாமி. பிறகு ஏழுமலைக்குத் துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டுக் காபி போடப் போனார்.

4. முடிவு

ஞாயிற்றுக்கிழமை சாரே கூப்பிட்டார். அந்தத் தைரியத்தை என்ன சொல்வது!

"மேடம், நேத்து கொஞ்சம் டென்ஷன். மனசுல வெச்சுக்காதீங்க. வண்டியில ஒரு சொட்டு தண்ணி படல. எப்போ வர்றீங்க?"

"ஒரு சொட்டு படலைன்னு எனக்குத் தெரியும் சார்," என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

இன்னும் அந்தப் பழைய வேன்தான் என்னிடம் இருக்கிறது. மழைக்கு முன்பே ஒவ்வொரு நோயாளி வீட்டிலும் பெரிய சிலிண்டர் ஒன்றை ஏற்றி வைத்துவிடுகிறேன். மாடி இருந்தால் மாடியில், இல்லையென்றால் கட்டில் பக்கத்தில் சங்கிலி போட்டு. கனமான வேலை, முதுகு விட்டுப்போகிறது. ஆனால் கரண்ட் போனால் மாமி தானே குழாயை மாற்றிப் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் எனக்கு ஃபோன் செய்கிறார்.

ஆகவே, என்ன வண்டி வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். ஃபோர் வீல் டிரைவோ டூ வீல் டிரைவோ, விற்கிறவர் வீட்டுக்கு வெயில் நாளில் போகாதீர்கள். நல்ல மழை நாளாகப் பார்த்துப் போய், அந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.