வெர்னனின் விண்ணப்பம்

மிச்சிகன் ஏரிக்கரையில், எங்கள் ஊர் பாரில் வெர்னனைத் தெரியாதவர் கிடையாது. காகித ஆலையில் லாரி ஓட்டுகிறவர். எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணி தோற்றால் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார். அதாவது, வருஷத்தில் பாதி நாள் ஊமை.

கல்லூரிப் பையன்களிலிருந்து அணிகள் முறைபோட்டு ஆள் எடுக்கிற டிராஃப்ட் அன்று, எல்லோரும் டிவி எதிரே இருந்தோம். பந்தெறிகிற எங்கள் குவாட்டர்பேக்குக்கு வயது நாற்பத்தொன்று. தோளில் மூன்று ஆபரேஷன்.

“கிழவனுக்குப் பதிலா ஒருத்தனை எடுங்கடா,” என்று டிவியிடம் கெஞ்சினார் வெர்னன்.

“யோவ், கிழவன் போதும்யா. அவன்மேல எவனும் விழாம தடுக்கத்தான் தடியனுங்க வேணும்,” என்றார் பார்க்காரர் டுவேன்.

அணி எடுத்தது பந்தை உதைக்க மட்டும் வருகிற ஒருவனை.

வெர்னன் தொப்பியைத் தரையில் அடித்தார். “நாப்பது வருஷம் அழுதாச்சு. இனிமே எனக்கும் இவனுங்களுக்கும் ஒண்ணுமில்ல!”

அப்போது போன் வந்தது. மகளுக்குப் பெண் குழந்தை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனா கேட்டவர், சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். அதே அணியின் ஆட்டங்களை மைதானத்தில் பார்க்க சீசன் டிக்கெட் விண்ணப்பம். இடம் கிடைக்க முப்பது வருஷமாகும் என்பதால், பிறந்த அன்றே பெயர் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம்.

“பாவம்யா அந்தக் குழந்தை,” என்றார் டுவேன்.

“தெரியும்யா. நான் என்ன பண்ண?” என்றபடி பேத்தியின் பெயரை எழுதினார் வெர்னன்.