நாசிலுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக் கார் வருவதை ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். மூடாமலும் இருக்க முடியாது, அவ்வளவு புகை. அப்பா வாங்கும்போதே அது மூன்று கை மாறிய வண்டி. யாரோ ஒரு புண்ணியவான் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றியிருந்தார். ராசிபுரம் பக்கத்தில் அப்போது கார் வைத்திருந்தவர்கள் சொற்பம் என்பதால், புகையையும் சேர்த்துத்தான் அப்பா பெருமைப்பட்டுக்கொண்டார். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு எட்டு வயது.

அந்த ஆனி மாதம் வண்டிக்கு மூச்சு முட்டிவிட்டது. சின்ன மேட்டைக் கண்டாலே நின்று இருமியது. ஊரில் பம்ப்செட் இன்ஜின் பார்க்கிற மெக்கானிக் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, நாசில் போய்விட்டது என்றார். டீசலைப் புகைமாதிரி இன்ஜினுக்குள் தெளிக்கிற சாமான் அது. எங்கள் வண்டியில் அது தெளிக்கவில்லை, மூக்கு ஒழுகுகிற பிள்ளைமாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

வேறு சமயமாக இருந்திருந்தால் அப்பா இன்னும் ஒரு வருஷம் அப்படியே ஓட்டியிருப்பார். ஆனால் அத்தையைக் கெங்கவல்லியில் அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டியிருந்தது. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. கல்யாணமாகி இரண்டு வருஷம். பண்டிகை, நோம்பி ஒன்றும் இல்லாத ஒரு நாளில் ஒற்றைப் பையோடு வந்து இறங்கியவள், ஒரு மாதமாகியும் திரும்பிப் போகிற பேச்சை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், சும்மாதான் என்பாள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று ஆனி கடைசிப் புதன்கிழமையை அப்பா குறித்துவிட்டார். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

பஸ்ஸில் அனுப்பலாமே என்று அம்மா சொன்னதற்கு அப்பா சம்மதிக்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டு வந்த பெண்ணைப் பஸ்ஸில் இறக்கினால் துரத்திவிட்டமாதிரி இருக்கும், பலகாரக் கூடையோடு காரில் போய் இறக்கினால்தான் அவளுக்கு அங்கே மரியாதை என்றார். வாடகைக் காரில் போனாலோ, சொந்தக் கார் என்னவாயிற்று என்று கேட்பார்கள். இப்படியாக அத்தையின் வாழ்க்கை நாலு நாசிலில் வந்து நின்றது.

திங்கட்கிழமை அப்பா அத்தையையும் என்னையும் சேலத்துக்குக் கூட்டிப்போனார். செவ்வாய்ப்பேட்டையில் அத்தைக்கு ஒரு புதுச்சேலை எடுத்த பிறகு, பக்கத்துச் சந்தில் ஒரு பாயின் டீசல் பம்பு கடைக்குப் போனோம். பாய் இரண்டு நாசிலைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒன்று லாரிக்கு, ஒன்று காருக்கு. எனக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாகத்தான் தெரிந்தன. கழுத்தில் வெட்டியிருந்த எண் மட்டும் வேறு. அப்பாவின் கை நேராக லாரி நாசிலுக்குப் போனது.

"இதுன்னா நல்லா இழுக்குமில்ல?"

"இழுக்கும்ணே. ஒரு மாசத்துல இன்ஜினையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்" என்றார் பாய்.

அப்பா மனசில்லாமல் கையை எடுத்தார். அடுத்ததாக, கெட்டது ஒன்றுதானே, எதற்கு நாலையும் மாற்றவேண்டும் என்று ஆரம்பித்தார். ஏரில் ஒரு மாடு இளசு ஒரு மாடு கிழடு என்றால் உழவு நேராகப் போகுமா என்று பாய் கேட்டதும் அடங்கிவிட்டார். விவசாயியிடம் எதைச் சொன்னால் எடுபடும் என்று பாய்க்குத் தெரிந்திருந்தது.

கைப்பம்பில் ஒவ்வொரு நாசிலாக மாட்டி, டீசல் பனியாகப் பறக்கிறதா என்று பார்த்தார் பாய். பிறகு இரண்டு முனையிலும் சின்னத் தொப்பிகளை மாட்டிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வண்டியில் பூட்டுகிறவரை தொப்பியைக் கழற்றக் கூடாது, தூசி ஒன்று உள்ளே போனாலும் நாசில் செத்துப்போகும் என்று இரண்டு தடவை சொன்னார்.

காலையிலிருந்து வாயே திறக்காத அத்தை அப்போதுதான் பேசினாள்.

"தூசி போயிட்டா, கழுவுனாச் செரியாயிருமுங்களா?"

"கழுவுனாப் போகாதும்மா. கோயமுத்தூருக்கு அனுப்பித்தான் செரி பண்ணோணும். பத்து நாளாயிரும்."

தங்கச்சிக்கு வண்டியின்மேல் இவ்வளவு அக்கறையா என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஒரு கோலி சோடா கிடைத்தது.

புதுச் சாமான் எது வந்தாலும் எங்கள் வீட்டில் முதலில் சாமி மாடத்தில் வைத்துத்தான் எடுப்பார்கள். மண்வெட்டி, மோட்டார், என் சிலேட்டு எல்லாம் அங்கே பொட்டு வாங்கிக்கொண்டு வந்தவைதான். நாசில்களும் அன்று சாயங்காலம் அங்கே போயின. அம்மா மாட்டுக் கட்டுத்தறிப் பக்கம் போயிருந்தபோது அத்தை என்னைக் கூப்பிட்டாள். குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்துக் கிண்ணத்தில் வைத்திருந்தாள்.

"நீ பொட்டு வெய்யி சாமி. கன்னிப்பொண்ணு கையில வெச்சா வண்டிக்கு நல்லது."

நான் வெளிப்பக்கம் வைக்கப் போனேன். அத்தை தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"தொப்பி போட்டுக்கிட்டு ஆராச்சும் சாமி கும்புடுவாங்களா?"

நியாயமாகத்தான் பட்டது. டீசல் குழாய் பூட்டுகிற வாயில் நிறைய வைக்கச் சொன்னாள். நான் சுண்டுவிரலால் அழுத்தி அழுத்தி நாலுக்கும் வைத்தேன். பிறகு அவள் வெளியே வழிந்ததை முந்தானையால் சுத்தமாகத் துடைத்து, தொப்பிகளைத் திரும்ப மாட்டினாள். வைத்த பொட்டை எதற்குத் துடைக்கிறாய் என்று கேட்டேன்.

"சாமிக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மெக்கானிக் நாசில்களைப் பூட்டினார். வண்டி ஒருமுறை குலுங்கியது, வெள்ளையாக ஒரு புகை விட்டது, நின்றுவிட்டது. எத்தனை தடவை சாவியைத் திருகியும் பேசவில்லை. ஒரு நாசிலைக் கழற்றிப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் விரலை அப்பாவிடம் நீட்டினார். விரல் சிவப்பாக இருந்தது.

"ஏனுங்க, உள்ளாற குங்குமம் இருக்குதுங்க."

யார் வைத்தது என்று அப்பா கேட்டதும், பரிசு வாங்கப் போகிறவளாக முன்னால் வந்து, "நானுங்கப்பா" என்றேன். முதுகில் இரண்டு அடி விழுந்தது. அப்பா என்னை அடித்தது அதுதான் முதல்தடவை. ஊரே கேட்கும்படி அழுதுகொண்டே, அத்தைதான் வைக்கச் சொன்னது என்றேன். அப்பா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அவள் பலகாரக் கூடைக்கு வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கொழந்த தெரியாமப் பண்ணிருச்சு, உடுங்கண்ணா" என்றாள். சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை.

நாசில்கள் கோயமுத்தூருக்குப் போயின. புதன் போயிற்று, ஆடி பிறந்தது. கூடையில் கட்டிய முறுக்கை நாங்களே தின்று தீர்த்தோம். நான் மட்டும் அத்தையோடு பேசவில்லை. பொய் சொல்லி அடிவாங்க வைத்தவளோடு என்ன பேச்சு என்ற வைராக்கியம். அவள் தலைவாரிவிடக் கூப்பிட்டாலும் அம்மாவிடம் ஓடுவேன்.

ஆடி இரண்டாவது வெள்ளிக்கிழமையோ மூன்றாவதோ, அம்மா எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே குளித்துவந்த அத்தை, அன்று புடக்காளியில் இருந்த குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணி, முதுவு தேச்சு உடுங்க." அம்மா உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். சீயக்காய் எடுத்துவா என்று அம்மா என்னைத் திருப்பி அனுப்பினாள். எடுத்து வந்தபோது கதவு சாத்தியிருந்தது. வெகுநேரம் நின்றேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தமே கேட்கவில்லை.

அன்று மத்தியானம் அம்மாவும் அப்பாவும் தாழ்வான குரலில் பேசினார்கள். அப்பா சாப்பிடாமல் எழுந்து காட்டுப்பக்கம் போனார். அவருக்கு வயிறு சரியில்லை என்று அம்மா எனக்குச் சொன்னாள்.

பத்து நாள் என்ற நாசில்கள் ஆவணியில்தான் திரும்பி வந்தன. வண்டி புகையே இல்லாமல் ஓடியது. சேலத்துக்குப் போனது, அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர்ச் சந்தைக்குக்கூட இரண்டு தடவை போனது. அங்கிருந்து கெங்கவல்லி கொஞ்ச தூரந்தான். வண்டியை அந்தப் பக்கம் அப்பா திருப்பவில்லை, யாரும் திருப்பச் சொல்லவும் இல்லை. அத்தை எங்களோடேயே இருந்தாள். தையல் படித்து, பிற்பாடு ராசிபுரத்தில் சொந்தமாகக் கடை வைத்தாள்.

என் கோபம் ஆறுவதற்கு அடுத்த ஆனி ஆயிற்று. இரண்டு அடிக்கு ஊரைக் கூட்டி அழுதவள் நான். ஒரு அழுகைச் சத்தமும் கேட்காத அந்தக் கதவுக்குப் பின்னால் அத்தையின் முதுகில் அம்மா எதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது மட்டும், சீயக்காய்க் கிண்ணத்தோடு கால் கடுக்க நின்ற எனக்கு அப்போது தெரியவில்லை.