சமமானால் முதல் ஆள்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் புரோகிராம் எழுத ஒரே ஒரு பெண்தான். பிரிண்டரில் காகிதம் சிக்கினால்கூட அவள் தலையில்தான் விடியும். அன்று குழந்தைக்குக் காய்ச்சல். பொட்டுத் தூக்கமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தாள்.

'மாடிப்படி' வந்து நின்றார். மெக்கானிக்குகளில் மூத்தவர். லிஃப்ட் ஓடாத கட்டடங்களில் படியேறியே முழங்கால் தேய்ந்தவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது.

"தப்பா நினைக்காதம்மா. உனக்கு என் மேல ஏதாவது கோபமா?"

"எனக்கா? என்னண்ணே இது?"

"தினமும் காலையில முதல் வேலை எனக்குத்தான் வருது. வந்து உட்காரக்கூட விடமாட்டேங்குது. மத்தவனெல்லாம் அரட்டை அடிச்சிட்டிருக்கான். உன் புரோகிராம்தான் ஆளை அனுப்புதுன்னாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. யார் கையில் வேலை குறைவோ அவருக்கே அடுத்த அழைப்பு என்று நியாயமாகத்தான் எழுதியிருந்தாள். பிறர் எழுதிவைத்த புரோகிராம் துண்டுகளின் தொகுப்பான லைப்ரரியில் அதற்கென்றே ஒரு துண்டு, ஒரு ஃபங்ஷன், தயாராக இருந்தது. எண்களின் வரிசையைக் கொடுத்தால், இருப்பதிலேயே சிறிய எண் எங்கே என்று காட்டிவிடும். ஒரே வரியில் வேலை முடிந்திருந்தது. அதை எழுதிய அன்று வீட்டுக்குச் சீக்கிரம் போயிருந்தாள்.

அதன் விளக்கக் குறிப்பை இப்போதுதான், எரியும் கண்களோடு, முழுதாகப் படித்தாள். சிறிய எண் பல இடங்களில் இருந்தால், முதலில் வருவதையே அது தரும். காலையில் எல்லோர் கையிலும் வேலை பூஜ்யம். பெயர்கள் இருந்ததோ வேலைக்குச் சேர்ந்த வரிசையில்.

"கோபமெல்லாம் இல்லண்ணே. எல்லாரும் சமமா இருந்தா முதல்ல இருக்கிறவரை அது பிடிச்சுக்குது. இங்க முதல்ல சேர்ந்தவர் நீங்கதானே."

"சீனியருக்கு நல்ல மரியாதைதான்!" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. முழங்காலைப் பிடித்தபடி நாற்காலியில் சரிந்தார். "நான் பாட்டுக்கு வெளியில உன்னைக் கண்டபடி பேசிட்டேன்மா."

"பேசினா என்னண்ணே. நான் படிச்சுட்டு எழுதியிருக்கணும்."

ஒப்பிடும் விதத்தை மாற்றினாள். வேலை சமமானால், காலை அழைப்புக்குப் போய் அதிக நாளானவர் முந்த வேண்டும்.

மறுநாள் மாடிப்படி காலை நீட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். அதற்குள் போன். இன்னொரு மெக்கானிக்.

"என்னம்மா, விடிஞ்சும் விடியாம என்னை அனுப்புது? புரோகிராம் கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே. இப்பதான் சரியாச்சு."

அவர் நம்பவில்லை. மேனேஜரிடம் சொல்லிவிடுவேன் என்றார்.

"சொல்லுங்கண்ணே" என்றாள். விளக்கிச் சொல்ல அவளிடம் தெம்பில்லை.