சீப்பு மலைக்கு அரைக் கிலோ விபூதி

ஓமானில் இருக்கும் அந்த மலைக்கு அரபியில் சீப்பு என்று பெயர். துபாயிலிருந்து எல்லை தாண்டி அரை நாள் காரில் போக வேண்டும். பக்கத்தில் ஒரு டீக்கடைகூடக் கிடையாது. உச்சி வரை சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. கயிறு கட்டி அதில் ஏறுவதற்கென்றே எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி என்பது என் தலையெழுத்து.

மாலில் கட்டிவைத்த சுவரில் அவள் ஏறிக்கொண்டிருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். நிஜ மலை என்றதும் கண்டிஷன் போட்டேன். "அடிவாரப் பாறையில ஒரே ஒரு தடவை. பாதியில இறங்கினா இந்த ஆட்டத்துக்கே முழுக்கு." சரி என்றாள். அவள் தோற்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டுதான் காரில் ஏறினேன்.

வெயிலில் தலை காய்ந்துவிடும் என்று, அவள் கத்தக் கத்த, எண்ணெய் வழியத் தடவிப் பின்னிவிட்டேன். பேன்ட்டின் தொடைப் பாக்கெட்டில் பழனி விபூதிப் பொட்டலம் ஒன்றையும் அவளுக்குத் தெரியாமல் திணித்தேன்.

பாதிக்கு மேல் ஏறியவள் நின்றுவிட்டாள். வியர்வையோடு எண்ணெயும் முகத்தில் வழிய, துடைத்துத் துடைத்துக் கை வழுக்கியது. கைப்பிடிக்காக இடுப்புப் பையில் வைத்திருந்த வெள்ளைப் பவுடரும் தீர்ந்துவிட்டது. "அம்மா, கிரிப்பே இல்ல. எல்லாம் உன் எண்ணெய்" என்று மேலிருந்து அழுதாள். கீழே கயிற்றைப் பிடித்திருந்த பயிற்சியாளர், விழ மாட்டாள், சொன்னால் இறக்கிவிடுகிறேன் என்றார்.

நான் வேண்டிக்கொண்டது அதைத்தானே. தலையை ஆட்டினால் போதும். ஆனால் அழுவது என் பிள்ளையாயிற்றே.

"அடியே, தொடைப் பாக்கெட்டுல விபூதி இருக்கு. எடுத்துக் கையில தேயி" என்று கத்தினேன். எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வளர்ந்தவள் நான்.

பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக் கை மாற்றி மாற்றித் தேய்த்தாள். கொஞ்சம் நெற்றியிலும் பூசிக்கொண்டாள். பக்தியா நக்கலா, தெரியவில்லை. அப்புறம் அவள் எங்கேயும் நிற்கவில்லை.

இறங்கி வந்தவள் முதுகில் ஒன்று வைத்தேன், கட்டிக்கொண்டு அழுதேன். "கண்டிஷனும் நீயே போட்டு, ஜெயிக்கவும் நீயே வெச்சுட்டியே" என்று சிரித்தார் காரோட்டி வந்த என் கணவர். அவள் அண்ணாந்து உச்சியைக் காட்டி, "நெக்ஸ்ட் அதும்மா" என்றாள். "முதல்ல தயிர்சாதத்தைச் சாப்பிடு" என்றேன்.

துபாய் கராமாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் மதுரையில் இருக்கும் தம்பிக்கு போன் போட்டேன். ஊரிலிருந்து யாராவது வந்தால் பழனி விபூதி கொடுத்தனுப்பச் சொன்னேன்.

"எவ்வளவு வேணும்க்கா?"

"அரைக் கிலோ வாங்குடா. அந்த மலை ரொம்ப உசரம்."