பேப்பர் வந்துச்சா?

விசா மனுதாரர் என்பது ஒரு உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, எப்போது ரிட்டயர் ஆவோம் என்று கேட்டால் சொல்ல ஆளும் கிடையாது. உங்களில் அந்த உத்தியோகம் பார்த்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எனக்கு அந்த வேலை கிடைத்தது தொண்ணூறுகளில். என் மனைவி சுதா நர்ஸ். அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரி கூப்பிட்டது, போனாள். எங்கள் மகள் நந்தினிக்கு அப்போது இரண்டு வயது. ஆறு மாசத்தில் நானும் குழந்தையும் பின்னாலேயே போய்விடலாம் என்று ஏஜெண்ட் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அந்த ஆறு மாசம் நாலரை வருஷம் ஓடியது. சுதாவுக்கு கிரீன் கார்டு வந்தது, எங்கள் இருவருக்கும் அங்கிருந்து மனு போட்டாள், மனு வரிசையில் போய் நின்றுகொண்டது. நடுவில் ஒரே ஒரு தடவை மூன்று வாரம் லீவில் வந்தாள். முதல் வாரம் நந்தினி அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். மூன்றாவது வாரம் ஒரு வழியாக அம்மா என்றாள், அதற்குள் லீவு முடிந்துவிட்டது. எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று யாராவது கேட்டால் இந்த ஆன்ட்டி விஷயத்தைத்தான் சொல்வேன்.

பாயசத் தேதி

என் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயசு போதாது என்றால் ஹெட்மாஸ்டரே பார்த்து ஒரு ஜூன் தேதியைப் போட்டுக் கொடுத்துவிடுவார். எனக்கும் அப்படி ஒன்று கொடுத்தார். அதுதான் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறி, ஆபீஸில் ஏறி, கடைசியில் பாஸ்போர்ட்டிலும் ஏறியது. ஆனால் சுதா வருஷா வருஷம் எனக்குப் பாயசம் வைப்பது நவம்பரில், நான் நிஜமாகப் பிறந்த நாளில். அங்கே உட்கார்ந்து மனுவை நிரப்பியபோது, கணவரின் பிறந்த தேதி என்ற இடத்தில் அவள் பாயசத் தேதியை எழுதிவிட்டாள். தப்பு என்று அவளைத் திட்டவும் முடியாது. அவளுக்குத் தெரிந்த உண்மையைத்தான் எழுதினாள்.

பல மாசம் கழித்து, மனுவில் இருக்கும் ஆளும் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆளும் ஒருவர்தான் என்று நிரூபிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் நான்தான் என்று எப்படி நிரூபிப்பது? கார்ப்பரேஷனுக்குப் போனால் அவர்கள் பதிவில் பெயரே இல்லை, வெறும் "ஆண் குழந்தை" என்று இருந்தது. அப்படியானால் பிறந்தபோது கூட இருந்தவர் யாராவது உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்றார்கள். கோட்டூர்புரத்திலிருந்து பெரியம்மாவை அழைத்துக்கொண்டு லஸ்ஸில் ஒரு நோட்டரி வக்கீலிடம் போனேன். தேதி உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா, சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமே என்று வக்கீல் கொஞ்சம் மிரட்டலாகவே கேட்டார். பெரியம்மா அசரவில்லை. "தேதியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. தீவாளிக்கு மறுநாள். நான் சுட்ட அதிரசத்தை அன்னிக்கு ஒருத்தரும் தொடல, எல்லாரும் இவனைப் பாக்கப் போயிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்த வயித்தெரிச்சல் எனக்கு இருக்கு, இதுல பொய் சொல்லுவேனா?"

ஞாயிற்றுக்கிழமை போன்

எங்களுக்குச் சொந்தமாக போன் இல்லை. மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்தது மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்கார மாமா, ரிட்டயரான கணக்கு வாத்தியார், அவர் ஹாலில்தான் போன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுதா அங்கிருந்து கூப்பிடுவாள். நான் ஃபைலை இடுக்கிக்கொண்டு இறங்கி ஓடுவேன், பின்னால் நந்தினி ஓடி வருவாள். அமெரிக்காவிலிருந்து பேசினால் ஒவ்வொரு நிமிஷமும் காசு என்பதால் சுதா கேட்க வேண்டியதையெல்லாம் முதலிலேயே எழுதி வைத்திருப்பாள். பேப்பர் வந்துச்சா, போலீஸ் சர்டிபிகேட் வந்துச்சா, நோட்டரி முத்திரை தெளிவா விழுந்திருக்கா, ரெண்டு காப்பியா மூணு காப்பியா. நான் ஒவ்வொன்றாகப் பதில் சொல்வேன். கடைசியில் ரிசீவரை நந்தினியிடம் கொடுப்பேன். அவள் ஹலோ சொல்லி மூச்சு விடுவதற்குள் லைன் போய்விடும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாயசத் தேதி விவகாரத்தைப் பற்றிக் காரசாரமாகப் பேசி முடித்துவிட்டு ரிசீவரை வைத்தேன். வீட்டுக்கார மாமா படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே இறக்கினார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏம்ப்பா, இத்தனை நாழி கட்டின பொண்டாட்டிகிட்டயா பேசிண்டிருந்தே? நான் ஏதோ இன்கம்டாக்ஸ்காரான்னு நெனச்சுண்டிருந்தேன்."

இரண்டு நிமிஷத்தில் பதில்

அந்தச் சமயத்தில்தான் ஊரில் பிரௌசிங் சென்டர்கள் முளைத்தன. கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று அமெரிக்கன் கான்சலேட்டிடம் ஈமெயிலில் விசாரிக்கலாமாம், அங்கே யாரோ சுதாவிடம் சொல்லியிருந்தார்கள். தி. நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறினால் நாலு கம்ப்யூட்டர் வைத்த சென்டர் ஒன்று இருந்தது. நடத்தியவர் யூசுஃப் என்ற இளைஞர். போன் லைன் கிறீச்சிட்டு இணைவதற்கே பொறுமை வேண்டும். அதற்குப் பிறகு பக்கம் மேலிருந்து கீழே வரிவரியாக இறங்கும். முதலில் அமெரிக்கக் கொடி வரும். கொடியின் நட்சத்திரங்களை எண்ணி முடித்துவிடலாம், எழுத்து வராது. அதற்குள் கரண்ட் போய்விட்டால் முதலிலிருந்து கொடி.

யூசுஃப் உதவியோடு ஒரு ஈமெயில் விலாசம் வாங்கி, கேஸ் நம்பரைப் போட்டு, என் மனைவியைப் பிரிந்து இருக்கிறேன், குழந்தைக்குத் தாயின் முகம் மறந்துகொண்டிருக்கிறது என்றெல்லாம் உருக்கமாக எழுதி அனுப்பினேன். இரண்டே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாசக்கணக்கில் தபாலில் கிடைக்காத மரியாதை! தங்கள் கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படும் என்று இருந்தது. இவ்வளவு அக்கறையோடு உடனே பதில் போட்ட அந்த மனிதருக்கு, அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தி நன்றிக் கடிதம் எழுதினேன். அதற்கும் இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: தங்கள் கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படும், கேஸ் நம்பரைக் குறிப்பிடவும். நான் மறுபடியும் டைப் அடிக்க ஆரம்பித்ததைப் பார்த்து யூசுஃப் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "சார், அது மிஷின் சார். நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்கன்னா அதுவும் பேசிக்கிட்டே இருக்கும், எனக்குத்தான் லாபம். வேணாம் சார், வீட்டுக்குப் போங்க."

தாமரைக்குள் நாங்கள்

கடைசியாக கான்சலேட்டிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. கல்யாணம் நிஜமான கல்யாணம்தான் என்று காட்ட போட்டோக்கள் கொண்டுவர வேண்டும். கணவனும் மனைவியும் இயல்பாகச் சேர்ந்து இருக்கிற படங்கள் என்றால் நல்லது என்று, வரிசையில் எனக்கு முன்னால் நின்று ஜெயித்த பெசன்ட் நகர் நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். பரணிலிருந்து ஆல்பத்தை இறக்கினேன். நம் கல்யாண ஆல்பங்களை நீங்கள் அந்தக் கண்ணோடு பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றுதான் பார்த்தேன். சுதா குனிந்த தலை நிமிரவில்லை. நான் ஐயரை முறைத்துக்கொண்டிருக்கிறேன். எங்களைச் சுற்றிப் பெரியப்பா, சித்தப்பா, ஆபீஸ்காரர்கள், எவர்சில்வர் குடத்தோடு யாரோ ஒரு அம்மாள். ஒரு படத்தில்கூட நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை. சுதாவைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவன் பார்த்தால், என்னை அந்தக் குடத்துக்கார அம்மாளுக்குத்தான் கட்டிவைத்தார்கள் என்று நினைப்பான்.

ஒரே ஒரு படம் விதிவிலக்கு. அதில் ஒரு பெரிய தாமரைப் பூ விரிந்திருக்கிறது, பூவுக்கு நடுவில் மார்பளவுக்கு நானும் சுதாவும் மட்டும். ஸ்டூடியோக்காரர் தனித்தனியாக எடுத்து ஒட்டிச் சேர்த்த வேலை. இதை எப்படி ஒரு அதிகாரியிடம் நீட்டுவது? வேறு நெகட்டிவ் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று ஆழ்வார்பேட்டையில் அந்த ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு மனசு புண்பட்டுவிட்டது. "ஜோடியா நில்லுங்கன்னு அன்னிக்கு நான் தொண்டை கிழியக் கத்தினேன், பந்திக்கு நேரமாச்சுன்னு நீங்கதான் ஓடினீங்க. அதனாலதானே சார் நானே செலவு பண்ணித் தாமரை போட்டேன்?"

ஜன்னலுக்கு முன்னால்

இன்டர்வியூவுக்கு விடிகாலையில் நானும் நந்தினியும் ஆட்டோ பிடித்தோம். வாயே திறக்காமல் கேட்ட காசுக்குச் சரி என்று ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் என் ஃபைலைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, வுசாவா? அங்க போவசொல்லோ ஒருத்தனும் பேரம் பேசறதில்ல. திரும்பி வர்சொல்லோ ரெண்டு ரூபாய்க்கு உசுர வாங்குறானுங்கோ" என்றார். இதில் கோட்டைவிட்டால் இன்னும் எத்தனை வருஷமோ, அதற்குள் நந்தினிக்கு மறுபடியும் ஆன்ட்டிதான்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரி இளைஞர், வெள்ளைக்காரர், ஆனால் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரித் தமிழ் பேசினார். இரண்டு பிறந்தநாள் ஏன் என்று கேட்டார். ஹெட்மாஸ்டரைப் பற்றிச் சொன்னேன். இந்த ஊருக்கு வந்த பிறகு எத்தனை ஜூன் மாதத்துக்காரர்களைப் பார்த்திருப்பாரோ, தலையாட்டிவிட்டுப் பெரியம்மாவின் பத்திரத்தை ஓரமாக வைத்தார். அடுத்தது போட்டோக்கள். ஒவ்வொன்றாகப் புரட்டியவர் தாமரையில் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் படத்தை நந்தினி பக்கம் திருப்பி இவர் யார் என்று கேட்டார். அம்மா என்றாள். எனக்குப் போன உயிர் வந்தது.

அவர் விடவில்லை. "உன் தாயார் தொலைபேசியில் உன்னிடம் என்ன பேசுவார்?" என்று கேட்டார். நந்தினி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அவரிடம் சொன்னாள்: "பேப்பர் வந்துச்சான்னு கேப்பாங்க. அப்பா இன்னும் வரலேன்னு சொல்லுவாரு. அப்புறம் என்கிட்ட குடுப்பாரு, கட் ஆயிடும்."

அவர் சிரிக்கவில்லை. தாமரைப் படத்தை மெதுவாக உறையில் போட்டு என்னிடம் தள்ளினார். வேறு எதுவும் கேட்கவில்லை, சாயங்காலம் வந்து விசாவை வாங்கிக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் அந்த இடத்தில் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. குழந்தை சொன்னது அத்தனையும் நிஜம். நாலரை வருஷமாக நானும் சுதாவும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசவே இல்லை.

கடைசி போன்

விசாவோடு வீடு திரும்பி ஃபைலைக்கூடக் கீழே வைக்கவில்லை, வீட்டுக்கார மாமா கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்காமல் சுதா அன்றைக்கே போன் செய்திருந்தாள். கிடைத்துவிட்டது என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். இருக்கேன் என்றாள். அவள் அழுதது கேட்டது. எழுதி வைத்துக்கொண்டு கேட்க ஒன்றும் மிச்சமில்லை. எனக்கும் பதில் சொல்ல ஃபைலில் ஒன்றும் மிச்சமில்லை. காசு ஓடிக்கொண்டே இருந்தது, இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். நந்தினி என் சட்டையைப் பிடித்து இழுத்து, இன்னும் கட் ஆகலையா என்று ரகசியமாகக் கேட்டாள். வீட்டுக்கார மாமா பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடைசியில் சுதாதான் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, சாப்ட்டீங்களா?"

அத்தனை படிவத்திலும் யாரும் கேட்காத கேள்வி அது ஒன்றுதான், அதற்கு மட்டும் என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை, ஏனென்றால் காலையிலிருந்து நான் சாப்பிடவே இல்லை.