கோட்டில் மூடியிருந்த துளை

எங்கள் பகுதியில் மணமகனுக்குக் கோட்டுத் தைப்பித்துக் கொடுப்பது பெண்வீட்டாரின் கடமை. தையற்காரர் இடப்பக்கக் கழுத்துமடிப்பில் பூச் செருகுவதற்கென ஒரு பொத்தான் துளை அமைத்து, அது வடிவு கெடாதிருக்க வாயை நூலால் மூடித் தைத்து அனுப்புவார். திருமணத்தன்று காலையில் மாப்பிள்ளைத் தோழன் அத்தையலைப் பிரித்துப் பூவை வைப்பான். என் அண்ணனுக்குத் தோழனாக நிற்கவேண்டியவன் நான்.

திருமணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் அண்ணன் தனியே கடலுக்குப் போனான். மூன்றாம் நாள் சிலாவத்துறைக்காரர் அவனுடைய வள்ளத்தைக் கட்டியிழுத்து வந்து எங்கள் கரையில் விட்டனர். வலை இருந்தது, சோற்றுப் பாத்திரம் இருந்தது.

கோட்டு ஆறு ஆண்டுகள் எங்கள் அலுமாரியில் தொங்கியது. அம்மா அதை மாதந்தோறும் வெயிலில் காட்டிப் புதிய பூச்சியுருண்டை வைப்பார். ஆண்டுதோறும் அண்ணனுக்காகத் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுக்கச் செய்வார். சுகமாய்த் திரும்பிவரவேண்டும் என்பதே அதன் கருத்து. இறந்தோருக்கான பூசையைப் பற்றிப் பங்குச் சுவாமியார் ஒருமுறை மெல்லத் தொடங்கியபோது, அம்மா தேநீரை அவர் கையில் கொடுத்துவிட்டு மழையைப் பற்றி விசாரித்தார்.

ஏழாம் ஆண்டில், அண்ணனுக்கு நிச்சயித்திருந்த பெண்ணின் தகப்பனார் கீரிக் கிராமத்திலிருந்து வந்து கதிரையின் விளிம்பில் அமர்ந்தார். மகளுக்கு வேறிடத்தில் கலியாணம் முற்றாகிவிட்டது என்றும், இன்னொரு கோட்டுக்கு வழியில்லை என்றும் சொல்லி முடிக்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அதுவே அவரைத் தலைகுனிய வைத்தது.

"மாப்பிள்ளை என்ன உயரம்?" என்றார் அம்மா.

"உங்கட மகனை விடக் கொஞ்சம் கட்டை, அக்கா."

"அப்ப கை நீளமாய் வரும். உள்ளுக்கு மடிச்சுத் தைக்கச் சொல்லுங்கோ. வெட்டவேண்டாம்."

அவர் தலையசைத்தார். துளையைப் பிரித்துக் கொடுக்குமாறு அம்மா என்னிடம் சொன்னார். அது தோழன் செய்யவேண்டியது என்றார்.

சவர அலகின் முனையால் ஒவ்வொரு தையலாக அறுத்தேன். நூல் துணியோடு ஒன்றிப்போயிருந்தது. நான்காம் தையலில் கைதவறித் துணியிழையொன்றையும் அறுத்தேன். துளை விரிந்தபோதுதான் கண்டேன்: வெயில் படாத உள்வாய் இன்னும் நல்ல கறுப்பாக இருந்தது; கோட்டின் ஏனைய பகுதியெல்லாம் பழுப்பேறிவிட்டது.

அம்மா சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டுப் பார்த்தார். விரலை உடனே எடுக்கவில்லை. பின்பு கோட்டை மடிக்காமலே பெண்ணின் தகப்பனாரிடம் நீட்டினார். தான் வந்த சைக்கிளின் பின்புறத்தில் அதைக் கட்ட மனமில்லாமல், அவர் தோளிலே போட்டுக்கொண்டு போனார்.

பொழுது சாய்கையில் அம்மா அலுமாரியிலிருந்து பூச்சியுருண்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சுவாமியிட்டைப் போய் அண்ணனுக்கு ஒரு பூசைக்குச் சொல்லிப்போட்டு வா."

திருவிழா மாதத்தில்தான் வழக்கமாகச் சொல்வார். அதற்கு இன்னும் நாளிருந்தது.

"என்ன கருத்துக்கு, அம்மா?"

"உனக்குத் தெரியும்தானே."

வள்ளம் கரைக்கு வந்த அன்றே எனக்குத் தெரியும். மறுநாள் கோயிற் கந்தோரில், பூசைகளைப் பதியும் கொப்பியில், இறந்தோருக்கான பக்கத்தில் அண்ணனின் பெயரை எழுதினேன்.